பேஜில் ஆட்கள் இருக்கிறார்கள், பேசத்தான் யாருமில்லை

ஹட்டன்_கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஹட்டனில் கணக்கு வேலை செய்கிறேன். கடைகளுக்கும் சின்னச் சின்ன கம்பனிகளுக்கும் கணக்கு எழுதுவது ஒரு பக்கம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து நின்றவர்களுக்கு ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி), சேவைக்காலப் பணம் (வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை) எடுக்கப் படிவம் நிரப்பிக் கொடுப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதில் வருமானம் குறைவு. ஆனால் மனதுக்கு நெருக்கமான வேலை அதுதான்.

பேஸ்புக்கில் தமிழில் ஒரு பேஜ் நடத்துகிறேன். ஃபொலோ பண்ணுகிறவர்கள் மெதுவாகக் கூடுகிறார்கள். ஆனால் கொமெண்ட் இல்லை, கேள்வி இல்லை. சட்டப் பிரிவுகளைத் தமிழில் எழுதிப் போட்டால் நாலு லைக் வரும். தைப்பொங்கல் வாழ்த்துப் போட்டால் லைக் குவிகிறது. மச்சான் காசு கட்டி பூஸ்ட் பண்ணச் சொல்கிறார். கூடப் படித்த ஒருவர், "லைக் போட்டு மூன்று நண்பர்களை டெக் பண்ணினால் பரிசு" என்று போடச் சொல்கிறார். இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

சனம் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் அடுத்த தோட்டத்துக்கும் போக வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான். இங்கே தொழிலோடு சேர்த்து பேஜோ சேனலோ நடத்துகிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


பண்டாரவளை_உயிரியல்

தம்பி, நான் உயர்தர உயிரியலுக்குத் தனியார் வகுப்பு எடுக்கிறேன், யூடியூபிலும் பாடம் போடுகிறேன். உங்களுடைய கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கொமெண்ட் இல்லை என்பதற்காக யாரும் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பல குடும்பங்களுக்குப் போன் ஒன்றுதான். மகனுடைய அக்கவுண்டில் அம்மா பார்க்கிறார். "எனக்கு இன்னும் சேவைக்காலப் பணம் தரவில்லை" என்று அந்தப் பெயரில் எழுதினால், விடிந்ததும் தோட்டத்து ஒஃபிஸுக்குத் தெரியும், சங்கத் தலைவருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். வீட்டில் இன்னும் மூன்று பேர் அதே தோட்டத்தில் வேலை செய்யும்போது யார் துணிந்து எழுதுவார்? என்னுடைய பிள்ளைகளும் அப்படித்தான். விளங்கவில்லை என்று எல்லோருக்கும் முன்னால் எழுதக் கூச்சம், இன்பொக்ஸில் மட்டும் கேட்பார்கள்.

அதனால் லைக்கையும் கொமெண்டையும் கொஞ்ச காலம் மறந்துவிட்டு, எந்தப் பதிவை ஷெயார் பண்ணுகிறார்கள், எதைச் சேமித்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். இன்பொக்ஸில் வரும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெயர், தோட்டம், டிவிஷன், ஆளை அடையாளம் காட்டும் எதுவானாலும் எடுத்துவிட்டு, அந்தக் கேள்வியையே பதிவாக்குங்கள். தலைப்பும் அவர்கள் கேட்டபடியே இருக்கட்டும். "வேலைய விட்டுட்டேன், வயசு 52, ஈ.பி.எஃப் எடுக்கலாமா?" முதல் வரியிலேயே பதில்: பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. பெண் என்றால் எடுக்கலாம். ஆண் என்றால் சட்டத்தில் சொன்ன வேறு காரணங்கள் இருந்தால்தான் அதற்கு முன்னர் எடுக்கலாம். அடுத்து என்னென்ன கடதாசி வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி போதும்.

இன்னொன்று. நம்முடைய ஆட்கள் லிங்க் அனுப்புவதை விட, பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் அதிகம். அது பேஜின் எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே ஒவ்வொரு படத்திலும் பேஜின் பெயரையும் எழுதிய திகதியையும் போடுங்கள். திகதி கட்டாயம். விதி மாறிய பிறகும் பழைய படம் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி யாராவது பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்து திரும்பிப் போகக் கூடாது.

நேரமும் பாருங்கள். மலையிலிருந்து வந்து, குளித்து, சமைத்து முடிக்க ஏழரை எட்டாகும். அதற்கு முன்னால் போடுவது வீண். மாதத்தில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும். "இந்த 8 வீதம் உங்கள் சம்பளத்தில் வெட்டியது, 12 வீதம் கம்பனி போட வேண்டியது, ஈ.டி.எஃப் 3 வீதம் முழுக்கக் கம்பனியுடையது, அதை உங்களிடம் வெட்டக் கூடாது" என்று சீட்டைக் காட்டி விளக்கினால், அன்றைக்குத்தான் பார்க்கிறவரும் தன்னுடைய சீட்டை எடுத்துப் பார்ப்பார்.


நுவரெலியா_கமரா

டீச்சர் சொன்னது சரி. ஆனா இவரு எழுத்த மட்டும் நம்பி இருந்தா புது ஆள் எப்படி வரும்? நான் கல்யாண வீடு, ஹோட்டல் படம் எடுக்கிறவன். எனக்குப் புது ஆளக் கொண்டு வர்றது சின்ன வீடியோதான். பேஜ ஃபொலோ பண்ணாதவங்களுக்கும் ரீல்ஸ் போய்ச் சேருது. எழுத்துப் பதிவு அப்படிப் போறதில்ல. யூடியூப் ஷோர்ட்ஸுலயும் 2024 ஒக்டோபர்ல இருந்து 3 நிமிஷம் வரைக்கும் போடலாம். ஒரு படிவத்த விளக்க அது தாராளம்.

அண்ணே, உங்க முகத்தக் காட்டிப் பேசுங்க. காசு விஷயம் பேசுறீங்க, முகம் தெரியாத ஆள யாரு நம்புவாங்க? ரிங் லைட் எல்லாம் வேணாம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா போதும். சத்தம் தெளிவா இருக்கணும், அதுக்கு மட்டும் ஒரு சின்ன மைக் வாங்குங்க. மேல் டிவிஷன்ல சிக்னல் இழுத்து இழுத்துத்தான் வரும், அதனால முக்கியமான எண்ணையெல்லாம் பெரிய எழுத்துல வீடியோ மேலயே போடுங்க. படம் மங்கினாலும் எழுத்து தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்றேன். ஏப்ரல் சீசன்ல கிரகரி வாவிப் பக்கம் நாலு வீடியோ போட்டா பார்வை மலையாக் குவியும். அந்த ஆட்கள் மே மாசம் எங்கன்னே தெரியாது. 2023ல, மலையக மக்கள் இங்க வந்து 200 வருஷம் ஆனத நினைச்சு மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாருல இருந்து மாத்தளைக்கு வந்தப்பவும் படம் போட்ட பேஜுக்கெல்லாம் ஆள் சேந்துச்சு. அந்தப் படங்களப் போட்டது நல்ல காரியம், அது வேற. ஆனா அப்படி வந்தவங்க பேஜுல தொடர்ந்து நின்னது, அடுத்த வாரமும் அவங்களுக்குன்னு ஏதாவது இருந்த இடத்துலதான்.


கொழும்பு_தோட்டத்துப்பிள்ளை

எல்லோரும் தொழிலாளியைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருக்குக் காசு தருவது யார்? கடைக்காரரும் கம்பனிக்காரரும்தான். லிங்க்ட்இன்னில் ஆங்கிலத்தில் எழுதுங்கள் பிரதர். நான் கொழும்பில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஈ.பி.எஃப் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாத முதலாளிமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதினால் அங்கிருந்து வேலை வரும்.


பண்டாரவளை_உயிரியல்

நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். முதலாளிமாருக்கும் எழுத வேண்டும். ஆனால் ஹட்டனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் லிங்க்ட்இன்னில் இருக்கிறாரா? அவரும் இரவு கடையைச் சாத்திவிட்டு பேஸ்புக்தான் பார்க்கிறார். அவருக்குத் தேவை அதே தமிழில், அவருடைய பக்கத்திலிருந்து ஒரு பதிவு: "கடையில் இரண்டு பையன்கள் வேலைக்கு நிற்கிறார்கள், நானும் ஈ.பி.எஃப் கட்ட வேண்டுமா?" கட்ட வேண்டும், ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். லிங்க்ட்இன் கொழும்புக் கம்பனி வேலையைத் தேடும்போது உதவும். முதலில் ஒரு இடத்தில் வேர் பிடிக்கட்டும்.


கொழும்பு_தோட்டத்துப்பிள்ளை

சரி டீச்சர், அந்தக் கடைக்காரர் உதாரணம் நியாயம். அப்படியானால் வாரத்தில் ஒரு நாளை முதலாளிமாருக்கென்று ஒதுக்கட்டும். கலந்து போட்டால் இரண்டு பக்கமும் தனக்கில்லை என்று நினைத்துவிடும்.


ஹட்டன்_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. இன்பொக்ஸில் வந்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். பாதிக்கு மேல் ஒரே பிரச்சினை: பி கார்டில் (ஈ.பி.எஃப் அங்கத்தவர் அட்டையில்) ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். இதைப் பற்றி நான் ஒரு பதிவும் போட்டதில்லை.

பரிசுப் போட்டி, பூஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே?


நுவரெலியா_கமரா

பரிசு வேணாம் அண்ணே. "லைக் பண்ணு, டெக் பண்ணு"ன்னு கேக்குற பதிவுகளக் கீழ தள்ளுவோம்னு பேஸ்புக்கே 2017 டிசம்பர்ல சொல்லிருச்சு. அடுத்த மாசமே, ஆட்களுக்குள்ள உண்மையான பேச்சு நடக்குற பதிவுக்குத்தான் முன்னுரிமைன்னு அறிவிச்சாங்க. "நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்"ங்கிற குரூப்புலயும் சேராதீங்க. யூடியூப் அதப் போலி ஈடுபாடுன்னு தடை செஞ்சிருக்கு. அத விடுங்க, அப்படி வர்றவனுக்கு உங்க ஈ.பி.எஃப் வீடியோ எதுக்கு? பாக்க மாட்டான். அவன் பாக்காததால மத்தவங்களுக்கும் போகாது.

பூஸ்ட் தப்பில்ல, எதுக்குங்கிறதுதான் கேள்வி. வாழ்த்துக்குக் காசு கட்டாதீங்க. சனம் தானா ஷெயார் பண்ணத் தொடங்கின பதிவு ஒன்னு வரும். அத எடுத்து, நுவரெலியா, பதுளை மாவட்டம் மட்டும்னு வச்சு, மொழி தமிழ்னு போட்டு, சின்னத் தொகைக்குப் பண்ணுங்க. ஏற்கனவே ஓடுறதத்தான் தள்ளி விடணும்.


பதுளை_சட்டத்தரணி

ஒரு விடயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். தொழில்வாண்மையாளர் என்றால் அவரவர் தொழிலுக்கு ஒழுக்க விதி உண்டு. எங்களுக்கு 1988ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகள் இருக்கின்றன. விளம்பரம் செய்து வழக்குத் தேடக் கூடாது. நானும் ஒரு பேஜில் எழுதுகிறேன், ஆனால் "என்னிடம் வாருங்கள்" என்று எழுதுவதில்லை, வென்ற வழக்கைக் காட்டுவதில்லை, கட்டணம் போடுவதில்லை. காணி உறுதி, பிறப்புப் பதிவு, பராமரிப்பு வழக்கு, இவை எப்படி நடக்கும் என்ற பொது விளக்கம் மட்டும்தான். வைத்தியர்களும் மருத்துவ சபையின் விதிகளைப் பார்த்தே எழுத வேண்டும். கணக்காளர் தம்பி, நீங்கள் ஏதாவது தொழில்சார் நிறுவனத்தில் அங்கத்தவர் என்றால் அதன் ஒழுக்கக் கோவையை முதலில் எடுத்து வாசியுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். உங்கள் பேஜ் வளர்ந்ததும் சனம் கொமெண்டில் அடையாள அட்டை எண்ணைப் போடுவார்கள். பி கார்டைப் படமெடுத்துப் போடுவார்கள். நம்பிக்கையில் செய்வார்கள். அதைக் கண்டவுடன் மறைத்துவிடுங்கள், ஏன் மறைத்தீர்கள் என்று இன்பொக்ஸில் சொல்லுங்கள். நீங்கள் மறைப்பதற்குள் ஒரு மோசடிக்காரன் அந்த எண்ணை எடுத்து, "ஈ.பி.எஃப் ஒஃபிஸில் இருந்து பேசுகிறேன்" என்று அந்த அம்மாவுக்குக் கோல் எடுக்கலாம். "எண்கள், கார்ட் படங்கள் இங்கே போட வேண்டாம்" என்பதைப் பேஜின் மேலே பின் பண்ணி வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

தோட்டத்தின் பெயரையோ துரையின் (தோட்ட மனேஜரின்) பெயரையோ போட்டுக் குற்றஞ்சாட்டும் பதிவுகளும் வரும். ஆதாரம் இல்லாமல் அதை உங்கள் பேஜில் ஏற்றாதீர்கள். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சில வகைப் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. முறைப்பாடு போக வேண்டிய இடம் தொழில் திணைக்களம். அங்கே எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி.


மஸ்கெலியா_மிட்வைஃப்

இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அக்கா, நான் அரச உத்தியோகத்தர். கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை, ஊட்டம், கிளினிக் நாள் பற்றித் தமிழில் சின்னச் சின்ன வீடியோ செய்ய ஆசை. வீடு வீடாகப் போய்ச் சொல்வதையே ஒரு தரம் வீடியோவில் சொன்னால், நான் போக முடியாத நாளிலும் அவர்கள் கேட்பார்களே. செய்யலாமா?


பதுளை_சட்டத்தரணி

தங்கச்சி, ஆசை நல்லது, ஆனால் நேராகத் தொடங்காதீர்கள். அரச ஊழியருக்கான விதிகளான தாபனக் கோவைக்கு முரணாகச் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை வரும் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் (எம்.ஓ.எச்) எழுத்தில் அனுமதி கேளுங்கள். முடிந்தால் உங்கள் சொந்தப் பெயரில் இல்லாமல், எம்.ஓ.எச் ஒஃபிஸின் பேஜிலேயே உங்கள் வீடியோ வரும்படி கேளுங்கள். சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் ஆவணங்கள் வெளியிடுகிறது. அவற்றை வைத்துப் பேசினால் யாரும் குறை சொல்ல முடியாது. கிளினிக்கில் எடுத்த படத்தில் ஒரு தாயின் முகமோ பிள்ளையின் முகமோ வரக் கூடாது, அவர் சம்மதித்தாலும் வேண்டாம்.


வெலிமடை_மண்

நான் தோட்டத் தொழிலாளர் பக்கம் இல்லை, மரக்கறி பக்கம். கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு மண், உரம், நோய் பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். என் அனுபவம் கொஞ்சம் வித்தியாசமானது என்பதால் எழுதுகிறேன்.

பேஸ்புக்கில் எனக்கு ஆள் பெரிதாக ஒட்டவே இல்லை. விவசாயி காட்டில் நின்றபடி நோய் வந்த இலையைப் படம் எடுப்பார், அதை அனுப்ப அவருக்குக் கைவந்த இடம் வட்ஸ்அப். எனவே எல்லாம் அங்கேயே வைத்தேன். குரூப்பில் 1024 பேர் வரைதான் சேரலாம், எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும், காலை வணக்கப் படங்களில் முக்கியமானது மூழ்கிவிடும். 2023இல் சேனல் வந்த பிறகு அதற்கு மாறினேன். அங்கே ஒருவருடைய நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் சேனல் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஆகவே கேள்விகள் எனக்குத் தனியாக வரும், பதில் சேனலில் எல்லோருக்கும் போகும். டீச்சர் சொன்ன அதே முறைதான்.

அதில் ஒன்றைக் கவனித்தேன். "கோவா வேர் வீங்குது, என்ன மருந்து அடிக்க?" என்று கேட்கிறவருக்கு மருந்தின் பெயரைச் சொன்னால் அவர் போய்விடுவார். "மருந்தில் தீராது, உங்கள் மண் புளித்திருக்கிறது, மண்ணைச் சோதித்துவிட்டு டொலமைட் போடுங்கள், அந்தப் பாத்தியில் அடுத்த போகம் கோவா வைக்காதீர்கள்" என்று காரணத்தோடு சொன்னால், போகம் முடிந்து திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொல்கிறார். அந்த ஆள்தான் இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வருகிறார். கடைக்காரர் விற்க நினைக்கும் மருந்தை நான் வேண்டாம் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. மருந்துக் கம்பனி விளம்பரம் கேட்டு வந்தால் நான் எடுப்பதில்லை. எடுத்தால் அன்றோடு இந்தப் பேச்சு நின்றுவிடும் என்பது என் திடமான எண்ணம்.

அடுத்தது, ஒரே இடத்தை நம்பாதீர்கள். 2018 மார்ச்சில் திகன, கண்டிப் பக்கம் வன்முறை நடந்தபோது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கியது, 2022 ஏப்ரலிலும் முடக்கியது. இனி நடக்காது என்று யார் சொல்ல முடியும்? விருப்பம் தந்தவர்களுடைய நம்பர்களை ஒரு கொப்பியில் வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் எஸ்.எம்.எஸ் அனுப்ப.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, மரக்கறி கேட்ட அதே ஆட்கள் என்னிடம் பாதை திறந்திருக்கிறதா, எங்கள் மலை சரியுமா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை மட்டும், வெளியிட்ட நேரத்தோடு தமிழில் போட்டேன். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். தமிழில் உடனுக்குடன் தகவல் கிடைக்காமல் நம்முடைய சனம் எவ்வளவு தவித்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2014இல் மீரியபெத்தை தோட்டத்து மண்சரிவைப் பார்த்த பிறகும் இந்த நிலைதான். தொழில் தெரிந்த ஒவ்வொருவரும் தமிழில் ஒரு நம்பிக்கையான இடத்தை நடத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அவசரம் வரும் நாளில் புதிதாக ஒரு இடத்தைக் கட்டி எழுப்ப முடியாது.


பண்டாரவளை_உயிரியல்

வெலிமடை அண்ணன் சொன்ன கடைசிப் பகுதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பி, வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூபில் விளம்பரக் காசு வர 1000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும், அல்லது 90 நாளில் ஷோர்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை. அதைக் குறி வைத்து ஓடாதீர்கள். என் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது விளம்பரத்தால் இல்லை, வீடியோவின் கீழே கேட்ட சந்தேகத்துக்கு நான் எழுதிய பதிலால். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள், முக்கியமாகத் தொடக்கத்தில். பதில் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி, உண்மையாகவே கேட்டுச் சொல்லுங்கள்.


ஹட்டன்_கணக்கு

செய்ததைச் சொல்கிறேன். சட்டப் பிரிவுகளைப் பிரதி பண்ணிப் போடுவதை நிறுத்திவிட்டேன். பேர் வித்தியாசம் பற்றி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு சின்ன வீடியோ செய்து, 10ஆம் திகதி இரவு எட்டு மணிக்குப் போட்டேன். லைக் வழமையை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் ஷெயார் நான் பார்த்திராத அளவு. இராகலை, புசல்லாவை, பொகவந்தலாவைப் பக்கமிருந்தெல்லாம் இன்பொக்ஸ் வருகிறது. பெரும்பாலும் குரல் பதிவு. எழுதக் கஷ்டப்படுகிறவர்கள் பேசி அனுப்புகிறார்கள். நானும் குரலிலேயே பதில் சொல்கிறேன், அது அவர்களுக்கும் சுகம், எனக்கும் வேகம். எண்கள் போட வேண்டாம் என்ற அறிவித்தலையும் பின் பண்ணிவிட்டேன், நன்றி அக்கா.

வாரத்தில் ஒரு நாள் கடைக்காரர்களுக்கு. அடுத்தது ஈ.டி.எஃப் பற்றிச் செய்யப் போகிறேன்.


தலவாக்கலை_மகள்

இதுவரைக்கும் வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன். அண்ணா, இங்கயே ஒன்னு கேக்கலாமா? அம்மாவுக்கு 53 வயசு. தோட்டத்துல 21 வருஷம் நாள் சம்பளத்துக்கு வேலை செஞ்சு இப்ப நின்னுட்டாங்க. சேவைக்காலப் பணம் கேட்டா "பிறகு வா"ன்னு அனுப்புறாங்க. பி கார்டுல பேரும் வேற மாதிரி இருக்கு.


ஹட்டன்_கணக்கு

கேளுங்க தங்கச்சி, தாராளமா கேளுங்க. இரண்டு காசையும் தனித்தனியா பார்ப்போம்.

சேவைக்காலப் பணம்: 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருஷம் முடித்தவருக்கு உண்டு. நாள் சம்பளம் என்றால் ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். அம்மாவுக்கு 21 வருஷம், அதாவது 294 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். வேலை நின்று 30 நாளுக்குள் தர வேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியில் ஒஃபிஸில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்தத் துண்டை வையுங்கள். 30 நாள் தாண்டினால் அந்தப் பிரதியோடு தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

ஈ.பி.எஃப்: அம்மாவுக்கு 50 தாண்டிவிட்டது, வேலையையும் விட்டுவிட்டார், எடுக்கலாம். பேர் வித்தியாசத்துக்கு, இரண்டு பேரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பி கார்ட், கல்யாணப் பதிவு இருந்தால் அதுவும், எல்லாவற்றிலும் மூலப் பிரதியோடு ஒரு போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். தோட்டத்திலிருந்து ஒரு உறுதிக் கடிதமும் கேட்பார்கள். அது கிடைக்க நாள் எடுக்கும், அதனால் சேவைக்காலப் பணத்துக்குக் கடிதம் கொடுக்கும் அதே நாளில் இதையும் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பி கார்ட் எண்ணை இங்கே போடாதீங்க. அதில் பேர் எப்படி எழுதியிருக்கு, அடையாள அட்டையில் எப்படி இருக்கு என்பதை மட்டும் இன்பொக்ஸில் அனுப்புங்க, சத்தியக்கடதாசியில் என்ன எழுதணும் என்று சொல்றேன்.